இடுப்புவலி: ஸ்கேனைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு

எலும்பு சிகிச்சைப் பிரிவின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பலரின் மடியில் அந்தப் பெரிய கவர் இருக்கும். உள்ளே கறுப்புப் படங்கள், கூடவே ஒரு பக்க ரிப்போர்ட். ‘டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ் அட் எல்4–எல்5, இன்டென்டிங் த தீகல் சாக்’ என்று அதில் ஒரு வரி. அந்த வரிக்கு அடியில் யாரோ பேனாவால் கோடு போட்டிருப்பார்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே அதைக் கூகுளில் தேடியாயிற்று, மெடிக்கல் ஷாப் தம்பியிடம் காட்டியாயிற்று. “ஜவ்வு விலகிடுச்சாம்க்கா. நரம்பை அமுக்குதாம். இனிமே குனியவே கூடாதாம்.”

அன்றோடு வாழ்க்கை சுருங்க ஆரம்பிக்கிறது. குடத்தைத் தூக்குவதில்லை. பேரப்பிள்ளையை இடுப்பில் வைப்பதில்லை. வண்டியில் போனால் ஸ்பீடு பிரேக்கருக்கு முன்பே உடம்பு விறைக்கிறது. மூன்று மாதம் கழித்து வந்து, “அப்போ இருந்ததைவிட இப்போ வலி ஜாஸ்தி” என்கிறார்கள். ஸ்கேனில் எதுவும் மாறியிருக்காது. பயம்தான் வளர்ந்திருக்கும், அசையாமல் கிடந்த தசைகள் தளர்ந்திருக்கும்.

உலகில் மனிதர்களை அதிகமாக முடக்கிப்போடும் காரணங்களின் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது இடுப்புவலிதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்தது. 2050-ல் இது 84.3 கோடியாகும் என்று மதிப்பிடுகிறார்கள். இவர்களில் சுமார் 90 சதவிகிதம் பேருக்கு, ‘இந்த எலும்பு, இந்த ஜவ்வு, இந்த நரம்பு’ என்று விரல்வைத்துச் சொல்லும்படியான ஒற்றைக் காரணம் கிடையாது. பெரும்பாலும் ஆபத்தில்லாத வலி. ஆனால், தாங்க முடியாத வலியாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் நம்மால் ஏற்க முடிவதில்லை. ‘இவ்வளவு வலிக்குதே, உள்ளே ஏதோ உடைஞ்சிருக்கணும்’ என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்

1994-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில் டிஸ்க் புடைத்திருந்தது. எல்லா டிஸ்க்குகளும் ‘நார்மல்’ என்று வந்தவர்கள் 36 சதவிகிதம்தான். இதுபோன்ற 33 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, வலி இல்லாத 3,110 பேரின் முடிவுகளை 2015-ல் வெளியிட்டார்கள். அதன்படி, 20 வயதில் 37 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருக்கிறது. 80 வயதில் அது 96 சதவிகிதம். டிஸ்க் புடைப்பு 20 வயதிலேயே 30 சதவிகிதம் பேருக்கு. 80 வயதில் 84 சதவிகிதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை இன்னொரு முறை நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தலையில் நரை விழுவதுபோல முதுகெலும்பிலும் வயது தெரியும். ஐம்பது வயதுக்காரரின் ரிப்போர்ட்டில் ‘தேய்மானம்’ என்று இருப்பதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. ‘மூட்டை தூக்கித் தூக்கித்தான் தேஞ்சுபோச்சு’ என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியல்ல. பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நீண்டகாலம் ஆய்வு செய்தார்கள். ஒருவர் கடினமான உடலுழைப்பு, மற்றவர் நாற்காலி வேலை என்று இருந்தாலும், இருவரின் டிஸ்க்குகளும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருந்தன. தேய்மானத்தில் பெரிய பங்கு பரம்பரைக்கு. வேலையின் சுமைக்கு நாம் நினைத்ததைவிடச் சிறிய பங்குதான்.

ஜவ்வு ‘விலகுவது’ பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கும் மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளோடு இறுகப் பிணைந்திருக்கிறது. அது நழுவி எங்கும் ஓடிவிடாது; அதனால் எந்த வைத்தியர் அமுக்கினாலும் அதைத் ‘திரும்ப உள்ளே தள்ள’ முடியாது. சிலருக்கு அதன் வெளிச்சுவரில் விரிசல் விட்டு உள்ளிருக்கும் கூழ் போன்ற பொருள் பிதுங்கும். அது நரம்பு வேரைத் தொட்டால் பிட்டத்திலிருந்து கால் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் வலி இழுக்கும். இது உண்மையான நோய், கொடுமையான வலி. ஆனால், பிதுங்கிய அந்தத் துண்டை உடம்பே கரைத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. பார்ப்பதற்குப் பயங்கரமாக, பெரிதாகப் பிதுங்கியவைதான் சின்னப் புடைப்புகளைவிட அதிகமாகக் கரைகின்றன. உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியப் பொருளாகப் பார்த்து அரித்துவிடுவதே காரணம்.

அப்படியானால் எம்.ஆர்.ஐ வேண்டாமா? வேண்டும், தேவைப்படுகிறவர்களுக்கு. நல்ல மருத்துவர் முதலில் உங்களை மல்லாக்கப் படுக்கவைப்பார். காலை மடக்காமல் மெல்ல உயர்த்திப் பார்ப்பார். கால் கட்டைவிரலை உங்கள் பக்கம் மடக்கச் சொல்லி, அவர் விரலால் எதிர்த்து அழுத்துவார். முன்பாதத்தில் எம்பி நிற்கச் சொல்வார். முழங்காலிலும் குதிகாலுக்கு மேலும் சிறு சுத்தியலால் தட்டுவார். பஞ்சால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று கேட்பார். கட்டைவிரலில் பலம் குறைந்தால் எந்த நரம்பு, எம்பி நிற்க முடியாவிட்டால் எந்த நரம்பு என்று சில நிமிடங்களில் அவருக்குத் தெரிந்துவிடும். இந்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்தால் எடுக்க வேண்டியது ஸ்கேன். பரிசோதனைக்குப் பதிலாக எடுப்பது அல்ல. அமெரிக்கத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகளில், அவசியமில்லாமல் ஆரம்பத்திலேயே எம்.ஆர்.ஐ எடுத்தவர்கள்தான் வேலைக்குத் திரும்ப அதிக காலம் எடுத்துக்கொண்டார்கள். தொட்டுப் பார்க்காமலே ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும் பழக்கம் இங்கே பெருகியிருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

படுக்கை, பலகை, பெல்ட்

‘இடுப்பு பிடிச்சுக்கிச்சா, அசையாம படு’ என்பது ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்ன அறிவுரை. 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நகராட்சி ஊழியர்களை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை. இன்னொன்றுக்கு முதுகை அசைக்கும் பயிற்சிகள். மூன்றாவது பிரிவினர், வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர வேண்டும். சீக்கிரம் குணமானவர்கள் மூன்றாவது பிரிவினர், பின்தங்கியவர்கள் படுத்தவர்கள். முதல் ஒன்றிரண்டு நாள் எழவே முடியவில்லை என்றால் படுக்கலாம், தவறில்லை. அதை மருந்தாக நினைத்து வாரக்கணக்கில் நீட்டுவதுதான் தவறு.

‘கட்டாந்தரையில படு, மெத்தையே ஆகாது’ என்பார்கள். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் நடந்த ஆய்வு 2003-ல் வந்தது. கல் போன்ற கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. தரை உங்களுக்குச் சுகமாக இருந்தால் படுங்கள். வயதான அம்மாவைக் கட்டிலிலிருந்து இறக்கிச் சிமென்ட் தரையில் படுக்கவைத்துத் தண்டிக்க வேண்டியதில்லை.

இடுப்பில் பெல்ட், காலில் எடையைக் கட்டித் தொங்கவிடும் டிராக்‌ஷன், ‘கரண்ட் வைக்கிறது’ என்று நம் ஊரில் சொல்லும் டென்ஸ், அல்ட்ராசவுண்ட். இந்த நான்கையும் நாள்பட்ட சாதாரண இடுப்புவலிக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதே ஆவணம் பரிந்துரைப்பவை: நோயாளிக்கு முறையாக விளக்கிச் சொல்வது, உடற்பயிற்சி, மசாஜ் போன்ற சில கைவைத்தியங்கள், மனநலம் சார்ந்த சிகிச்சை, தேவைப்பட்டால் வீக்கம் குறைக்கும் வலிமாத்திரை. வசதியாகப் படுத்துக்கொண்டு மெஷினை வைத்துக்கொள்வது சிகிச்சை மாதிரி தெரிகிறது. எழுந்து நடக்கச் சொன்னால் சிகிச்சை மாதிரி தெரிவதில்லை. பத்து நாள் கரண்ட் வைத்துப் பணம் கட்டியவருக்கு, ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தராமல் அனுப்பும் இடங்கள் உண்டு. பிசியோதெரபி என்றால் மெஷின் அல்ல; உங்கள் தசையை உங்களையே வேலை வாங்கவைப்பது.

முதுகில் போட்ட ஊசியின் மேல் பழி

தமிழ்நாட்டுப் பெண்களிடம் இடுப்புவலி பற்றிக் கேட்டால் அதிகம் வரும் பதில் இது: “சிசேரியன்ல முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதுலேர்ந்துதான்.” தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் நூற்றுக்கு சுமார் 45 பிரசவங்கள் சிசேரியன். ஆகவே இந்த நம்பிக்கை எத்தனை வீடுகளில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஊசி மிக மெல்லியது. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே, இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையில் போடப்படுகிறது. மருந்தின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். குத்திய இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். சிலருக்குத் தலைவலி வரலாம். ஆனால், வருஷக்கணக்கான இடுப்புவலிக்கு அதைக் காரணமாக்க ஆதாரம் இல்லை. பிரசவ வலி குறைக்க முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், பிற்பாடு வந்த முதுகுவலியில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறது.

பிறகு எதனால் வருகிறது? பத்து மாதம் இழுபட்ட வயிற்றுத் தசைகள் திரும்ப இறுகவில்லை. கர்ப்பகால ஹார்மோன்கள் இடுப்பெலும்பின் தசைநார்களைத் தளர்த்தியிருக்கின்றன. எடை கூடியிருக்கிறது. தாய் இரவெல்லாம் விழித்து, கூனிக்கொண்டு பால் கொடுக்கிறாள். பல வீடுகளில் நாற்பது நாள் அசையவிடாமல் வைத்து, நாற்பத்தோராம் நாள் முழு வீட்டு வேலையையும் அவள் தலையில் கட்டுகிறார்கள். ஊசியைக் குற்றம் சொல்வதில் உள்ள பெரிய நஷ்டம், ‘இது வாழ்நாள் முழுக்கத் தீராது’ என்று அவள் நம்பிவிடுவதுதான். மருத்துவரின் யோசனையோடு வயிறு, இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி செய்தால் குறையக்கூடிய வலியை அவள் பத்து வருஷம் சுமக்கிறாள்.

இன்னொரு நம்பிக்கை வெளியே பேசப்படாமல் உலவுகிறது: வெள்ளைப்படுவதால் எலும்பு உருகி இடுப்பு வலிக்கிறது என்பது. எலும்பு அப்படி உருகுவதில்லை. நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இருந்தால் அது தொற்று. அதற்குச் சிகிச்சை உண்டு. இல்லையென்றால் அது உடம்பின் இயல்பு. அடிவயிற்று வலியோடு சேர்ந்து இடுப்பு வலித்தால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். கூச்சத்தில் தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரையும் கத்தியும்

ஆஸ்திரேலியாவில் திடீர் இடுப்புவலி வந்த சுமார் 1,650 பேரிடம் பாராசிட்டமாலைச் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்கள் குணமாக ஆன காலம் 17 நாள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாள். 2023-ல் சிட்னியிலிருந்து வந்த மற்றோர் ஆய்வு, அபின் வகையைச் சேர்ந்த வீரிய வலிமருந்தும் திடீர் இடுப்புவலிக்கும் கழுத்துவலிக்கும் வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று காட்டியது. காலுக்கு இழுக்கும் நரம்புவலிக்கு நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் பிரிகாபலினும் 2017-ல் இதே சோதனையில் தோற்றது. தலைசுற்றல் மட்டும் கூடுதலாக வந்தது.

டைக்ளோஃபெனாக் போன்றவை சில நாள் உதவும். எழுந்து நடக்க முடியும் அளவுக்கு வலியைக் குறைக்க அவற்றை மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கலாம். ஆனால், மெடிக்கலில் ‘இடுப்புவலிக்கு ஒண்ணு குடுங்க’ என்று வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்களில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களின் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் இதயத்துக்கும் இது நேரடி ஆபத்து. ‘இடுப்பு வலிக்குதே, கிட்னி போயிருக்குமோ’ என்று பயந்துகொண்டே, கிட்னியைக் கெடுக்கும் மாத்திரையைப் போடுகிறார்கள்.

அறுவை சிகிச்சை விஷயத்தில் இரண்டு எதிரெதிர் நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒன்று, ‘ஆபரேஷன் பண்ணாத்தான் தீரும்’. மற்றது, ‘முதுகுல கத்தி வெச்சா கால் விளங்காமப் போயிடும்’. நெதர்லாந்தில் காலுக்கு இழுக்கும் கடும் நரம்புவலியோடு வந்த 283 பேரில் ஒரு பகுதியினருக்குச் சீக்கிரமே அறுவை செய்தார்கள். மற்றவர்களைப் பொறுத்திருக்கச் சொன்னார்கள். அவர்களில் வலி தாங்காத சிலர் பின்னர் அறுவை செய்துகொண்டார்கள். ஒரு வருஷ முடிவில் இரு பிரிவிலும் 95 சதவிகிதம் பேர் தேறியிருந்தார்கள். அறுவை செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நரம்பு பலவீனம் கூடிக்கொண்டே போனால் அறுவை அவசியம். அதைப் பயந்து மறுக்காதீர்கள். கால்வலி இல்லாத வெறும் இடுப்புவலிக்கு, ஸ்கேனில் புடைப்பு தெரிகிறது என்பதற்காக மட்டும் கத்தியிடம் போகாதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது எப்போது?

இவ்வளவு தூரம் ‘பயப்படாதீர்கள்’ என்று எழுதியவன் இதை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இடுப்புவலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொண்டால், மலம் தன்னையறியாமல் வெளியேறினால், தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனால், கால்கள் பலமிழந்துகொண்டே போனால், அன்றே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் கீழ்நுனியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகள் இவை. தாமதித்தால் அந்த நரம்புகள் திரும்பாது.

நம் நாட்டில் இன்னொன்றும் மறக்கக் கூடாது: முதுகெலும்புக் காசநோய். இருமலே இல்லாமல் வரும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவிலும் விடாத வலி இருந்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். புற்றுநோய் வந்து குணமானவர்களுக்குப் புதிதாக முதுகு வலித்தால் உடனே சொல்ல வேண்டும். எலும்பு வலுவிழந்த மூதாட்டி வழுக்கி உட்கார்ந்தாலே முள்ளெலும்பு நொறுங்கலாம். இருபது, முப்பது வயதுக்காரருக்குக் காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு இறுகி, ஓய்வெடுத்தால் வலி கூடி, நடமாடினால் குறைந்தால் அது முடக்குவாத வகை. அதற்குத் தனி மருத்துவர் இருக்கிறார், நல்ல மருந்தும் இருக்கிறது. இந்தச் சிலரைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்.

நம்பிக்கை மாறினால் முதுகும் மாறும்

1997-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் ஒரு பெரிய தொலைக்காட்சிப் பிரசாரத்தில் இறங்கியது. சொன்ன செய்தி ஒன்றே ஒன்று: முதுகுவலி வந்தால் முடங்கிப் படுக்காதீர்கள், அசைந்துகொண்டே இருங்கள், வேலைக்குத் திரும்புங்கள். புது மருந்து இல்லை, மெஷின் இல்லை. மக்களின் எண்ணம் மாறியது, மருத்துவர்களின் எண்ணமும் மாறியது. முதுகுவலிக்காகத் தொழிலாளர் இழப்பீடு கேட்டவர்களின் எண்ணிக்கை 15 சதவிகிதம் குறைந்தது. பிரசாரம் செய்யாத நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மக்களின் எண்ணத்தில் மாற்றமே இல்லை.

வலியை மூளைதான் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. தூக்கமின்மை, கடன், வீட்டுச் சண்டை, வேலை போய்விடுமோ என்ற பதற்றம் எல்லாம் இடுப்பில் வந்து உட்காரும். இதைச் சொன்னால், ‘அப்போ நான் நடிக்கிறேனா?’ என்று கோபப்படுகிறார்கள். இல்லை. வலி முழுக்க நிஜம். அதைப் பெருக்கிக் காட்டுபவை எவை என்பதுதான் இங்கே பேச்சு. உட்காரக்கூட முடியாமல் நாளெல்லாம் நின்ற ஜவுளிக்கடைப் பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டம் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. அதுவும் உடல்நலம் சார்ந்த சட்டம்தான். அது எல்லாக் கடையிலும் நடக்கிறதா என்று கேட்க வேண்டியது வாடிக்கையாளர்களான நம் பொறுப்பு.

என்ன பயிற்சி நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இடுப்புவலி வந்து குணமான 701 பேரைப் பின்தொடர்ந்த ஆஸ்திரேலிய ஆய்வு 2024-ல் வெளியானது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம் நடக்கும் இலக்கை நோக்கிப் பழக்கினார்கள். அவ்வப்போது பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டினார். நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர ஆன காலம் சராசரியாக 208 நாள். சும்மா இருந்தவர்களுக்கு 112 நாள். செலவு ஒரு ஜோடிச் செருப்பு. யோகா பிடித்தவர்கள் யோகா செய்யலாம், நீச்சல் தெரிந்தவர்கள் நீந்தலாம். எது தினமும் செய்ய முடியுமோ அதுவே உங்களுக்கான பயிற்சி. முதல் சில நாள் வலி சற்றுக் கூடினால் ‘ஏதோ கிழிந்துவிட்டது’ என்று நிறுத்திவிடாதீர்கள். பழகாத தசை வேலை செய்யும்போது நோகத்தான் செய்யும். குனியுங்கள், தூக்குங்கள், சிறிதாக ஆரம்பித்துக் கூட்டுங்கள். முதுகெலும்பு அதற்காகவே அமைந்தது.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். நடமாட முடியாத முதியவர் வீட்டில் இருந்தால் உங்கள் பகுதி சுகாதார ஊழியரிடம் கேளுங்கள். அரசுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. மாவட்டந்தோறும் ஸ்கேன் மெஷின் வாங்குவதில் காட்டும் அக்கறையை, ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை நியமிப்பதிலும் காட்ட வேண்டும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முதலில் அங்கேதான் மக்கள் வருகிறார்கள்.